குழம்புக் கறை

நாகையாவுக்குக் கண் எரிந்தது. மலேசியாவில், சுபாங் விமான நிலையத்துக்குப் பக்கத்து விமான எஞ்சின் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக அதே இருட்டறை, அதே ஊதா விளக்கு. எஞ்சினுக்குள் சுழலும் டர்பைன் பிளேடுகளைச் சாயத்தில் முக்கிக் கழுவி விளக்கடியில் பிடிப்பான். சூட்டிலும் சுழற்சியிலும் களைத்துப்போன உலோகத்தில் மயிரிழை விரிசல் இருந்தால்கூட, உள்ளே ஒளிந்த சாயம் கசிந்து மின்னும். சனியன் பிடித்த சங்கதி, சாப்பிட்ட கையில் ஒட்டிய குழம்பு மஞ்சள் பிளேடில் பட்டாலும் அந்த விளக்கில் அப்படியேதான் மின்னும். கையை விட்டு சோப்புக்கெல்லாம் போகாது.

அதற்கும் விதி இருந்தது. துடைத்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். கறையென்றால் போய்விடும், விரிசலென்றால் திரும்ப வரும். பத்து நிமிஷம் யார் உட்கார்ந்திருப்பது? அன்று மூன்று மணிக்கு ஒரு பிளேடின் அடியில் கோடு தெரிந்தது. "குழம்புக் கறை" என்று வழக்கம்போல் முனகித் துடைத்தான், கையெழுத்துப் போட்டான், கிள்ளான் பஸ் ஏறினான்.

பஸ்ஸில் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி இருந்தாள்.

"என்ன அண்ணே, மொகம் வாடிக் கெடக்கு? சாப்பிடலயா?"

"கந்த சஷ்டி லா. மூணு நாளா வெறும் பாலும் பழமும்தான்."

சொல்லி வாய் மூடுமுன் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தான். குழம்பே சாப்பிடாதவன் கையில் குழம்புக் கறை ஏது?

பத்து தீகா நிறுத்தத்தில் இறங்கி, பட்டறைக்குத் திரும்ப எதிர் பஸ்ஸுக்கு நின்றான். பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம், யாருக்குத் தெரியப் போகிறது? பிளேடு ஆகாயத்தில் உடையும்போதுதான் தெரியும். எதிர் பஸ் வந்ததும் ஏறிவிட்டான்.

பட்டறையில் மேலதிகாரி சண்முகரத்தினம் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், இன்னிக்குப் பாத்த பிளேடு செட்டை நிறுத்துங்க. ஒண்ணை நான் சரியாப் பாக்கல."

"நாளைக்கு எஞ்சின்ல மாட்டணும், நாகையா. விரிசல்தான்னு ஷுவரா?"

"இல்ல சார். அதான் வந்தேன்."

இருவரும் இருட்டறைக்குப் போனார்கள். அந்த பிளேடை மறுபடி சாயத்தில் முக்கிக் கழுவித் துடைத்து, நாகையா இந்தமுறை காத்திருந்தான். ஏழாவது நிமிஷத்தில் அதே இடத்தில் கோடு மெல்ல ஊறி வந்தது.

சண்முகரத்தினம் பெருமூச்சு விட்டார். "நல்ல காலம், பிடிச்சிட்டே. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு, மேன்."

நாகையா நகரவில்லை. விரதம் இல்லாத நாள்களில் குழம்பென்று துடைத்துப்போட்ட கோடுகள் எத்தனை? அந்த பிளேடுகளெல்லாம் இப்போது எங்கெங்கே பறந்துகொண்டிருக்கின்றன?

"சார், பழைய ரெக்கார்டெல்லாம் எடுக்கணும்" என்றான். "என் கையெழுத்துப் போட்டது அத்தனையும்."