மூன்றாவது எச்சரிக்கை

கலையாத கூட்டம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. சரியான லத்தியை இன்னும் சந்திக்காத கூட்டம்தான் உண்டு. இது ஏட்டய்யாவின் முடிந்த முடிவு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் கிட்டிய ஞானம் என்பதால் வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. கேட்பதும் இல்லை.

"மூணு தடவை மைக்ல எச்சரிக்கணுமாம். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு நிமிஷம் பொறுக்கணுமாம்," என்றார், பெல்ட்டை இறுக்கிக்கொண்டே. "எச்சரிக்கையா, இல்ல விருந்துக்குக் கூப்பிடறதா? சட்டம் படிக்கிறவன் கையில தடி எதுக்கு?"

நர்ஸான அவர் மனைவி தன் முட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அறுபது படுக்கைக்கு ஒரே நர்ஸ் என்பதை எதிர்த்து அன்று நர்ஸுகள் ஆஸ்பத்திரி வாசலில் உட்காரப் போகிறார்கள். காவலுக்குப் போவது இவர் படை.

"நான் வாசலுக்கு இடது பக்கம் இருப்பேன்."

"ஏன் இடது பக்கம்?"

"நிழல்."

"விசில் சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடிடணும்."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா? எந்திரிக்கவே ரெண்டு பேர் பிடிக்கணும். ஓடறதுக்கு வேற பொண்டாட்டி பாருங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கட்டு அவிழாமல் ஊக்கு குத்திவிட்டுக் கிளம்பினார்.

மத்தியானம் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. படையிலேயே பெரிய தொண்டை என்று மைக்கையும் காகிதத்தையும் இன்ஸ்பெக்டர் அவரிடமே கொடுத்தார். பின்னால் நாற்பது லத்திகள். முதல் எச்சரிக்கைக்கு யாரும் எழவில்லை. இரண்டாவதற்குள் நிழல் நகர்ந்துபோய், அவள் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு முட்டியை நீவிக்கொண்டிருந்தாள். மூன்றாவதும் முடிந்தது.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் ஆச்சு. நகருங்க ஏட்டய்யா."

"ஐயா, பின்வரிசைக்குக் கேக்கலைன்னு தோணுது."

"உங்க தொண்டையா? அடுத்த தெருவுல குழந்தை அழுவுது, ஏட்டய்யா!"

"மைக் சரியில்லைங்கய்யா. காதுல விழாத எச்சரிக்கை செல்லாது. சட்டம்."

இடது ஓரத்தில் ஒருத்தி உள்ளங்கையைக் குவித்துக் காதருகே வைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்கக் காதருகே கை.

இன்ஸ்பெக்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு ஏட்டய்யாவைப் பார்த்தார்.

ஏட்டய்யா லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காகிதத்தை மறுபடி விரித்துப் பிடித்து, புதிதாக எழுத்துக்கூட்டப் பழகுகிறவரைப் போல, மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, முதல் எச்சரிக்கையைப் படிக்க ஆரம்பித்தார்.