உப்பு சரியா இருக்கா?

தையல்கடை வாசலில் தெருவுக்குப் பொதுவாக ஒரு ஃப்ரிட்ஜ் வைத்து ஆறு நாள் ஆகியிருந்தது. மிஞ்சிய சாப்பாட்டை யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம் என்பது தையல்காரியின் ஏற்பாடு. வைக்கப் பலர் வந்தார்கள். எடுக்க ஒருவரும் வரவில்லை. பழைய ஃப்ரிட்ஜைச் சரிசெய்து இரவல் கொடுத்த மெக்கானிக், "சும்மா கிடந்தா சனிக்கிழமை தூக்கிட்டுப் போயிடுவேன்மா" என்று சொல்லியிருந்தார். இன்று வெள்ளி.

"பலகையில இலவசம்னு கொட்டை எழுத்துல எழுதி வச்சா எவன் அண்ணி வருவான்? நாலு பேர் பார்ப்பாங்களே" என்றாள் தையல்காரியின் நாத்தனார்.

"வேற என்னன்னு எழுதச் சொல்றே?"

"நம்ம தெருவுல சும்மா குடுத்தா வாங்க மாட்டாங்க. குறை சொல்லக் கூப்பிட்டா ஓடி வருவாங்க."

தையல்காரி பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: 'உப்பு சரியா இருக்கா? சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.' பக்கத்தில் துண்டுச் சீட்டுகளும் ஒரு பேனாவும் வைத்தாள்.

மறுநாள் மெக்கானிக் தள்ளுவண்டியோடு வந்தார். ஃப்ரிட்ஜ் கதவு முழுக்கச் சீட்டுகள். உள்ளே காலி டப்பாக்கள் மட்டும்.

'சூப்பில் உப்பு தூக்கல்.' 'ரொட்டி பரவாயில்லை, நாளைக்கும் வேண்டும்.' 'பீன்ஸ் வேகவில்லை.'

"பீன்ஸ் நான் செஞ்சது. டப்பாவை வழிச்சு நக்கிட்டு எழுதியிருக்கு பாருங்க!" என்று பொருமினாள் நாத்தனார்.

மெக்கானிக் எல்லாவற்றையும் படித்தார். வண்டியைச் சுவரோரம் தள்ளினார்.

"ஏம்மா, எழுதினது யாருன்னு தெரியாதுல்ல?"

"தெரியாதுங்க."

"அப்ப சாயங்காலம் என் சம்சாரம் சுடுற கேக்கைக் கொண்டு வந்து வைக்கிறேன். இருபது வருஷமா என்னால சொல்ல முடியல. இந்தத் தெரு சொல்லட்டும்."