துலுக்காணம் கலந்துகொண்டார்

மண்டல ஆபீசிலிருந்து மேடம் பதினோரு மணிக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். திருமலை எட்டரைக்கே வந்து சமுதாயக் கூடத்தைத் திறந்து, கேரம் போர்டைத் துடைத்து, பி.பி. பார்க்கும் மெஷினுக்குப் புது பேட்டரி போட்டு, கடைசியாகப் பீரோவிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்து மேசை நடுவில் வைத்தார். அவருக்கு அறுபத்தாறு வயது. ஆந்திர ஆர்.டி.சி. பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்தவர். இப்போது ஊரின் முதியோர் சங்கத்துக்குச் செயலாளர்.

நோட்டில் எழுபத்தொரு பேப்பர் துண்டுகள் இருந்தன. எல்லாம் ஒரு தெலுங்கு தினசரியின் மாவட்டப் பக்கங்களில் வந்தவை. கண் பரிசோதனை முகாம், கொடியேற்றம், யோகா தினம், யாரோ ஒருவர் கொடுத்த பத்து பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பெற்றுக்கொண்டது. ஒவ்வொன்றிலும் துவரம்பருப்பு அளவில் முகங்கள், கீழே நான்கு வரிச் செய்தி, முடிவில் கலந்துகொண்டவர்களின் பெயர்கள். சங்கத்தில் பாதிப் பேருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. திருமலைதான் படித்துச் சொல்லிவிட்டு, ஓரம் பிசிறில்லாமல் பிளேடால் அறுத்து, ஒட்டி, சிவப்புப் பேனாவில் தேதி போடுவார்.

போன மாதம் பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம் வந்தது. கூடம் ஓராண்டாகப் பயன்பாடில்லாமல் கிடக்கிறது, வேர்க்கடலை விதை மூட்டை அடுக்க எடுத்துக்கொள்ளலாம் என்று. தீர்மானம் போட்டவர்களில் இருவருடைய அப்பாக்கள் அந்த நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதை நேரில் விசாரிக்கத்தான் மேடம் வருகிறார். பயன்பாட்டில் இருப்பதாக நிரூபிக்கச் சங்கத்திடம் கையெழுத்து நோட்டுகூட இல்லை. பேப்பரில்தான் வருகிறதே என்று விட்டிருந்தார்கள். பக்கத்தில் வேறு போக்கிடமும் இல்லை. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ணப்பா, மகன் வீட்டு இரண்டு அறைகளில் தனக்கு இடமில்லாத நேரத்தை, அதாவது காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, இங்கேதான் கழித்தார். செல்லியம்மாவின் வீட்டுக்குத் தகரக்கூரை. மே மாதம் முழுக்க அவள் இந்த ஃபேனின் கீழ்தான் இருந்தாள்.

கிருஷ்ணப்பா நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்.

"யோவ் கண்டக்டர், துலுக்காணம் இன்னும் யோகா பண்ணிக்கினு கீறான்யா."

"தெரியும்."

"தெரிஞ்சா கிழிச்சுப் போடு. அந்தம்மா கையில பென்ஷன் லிஸ்ட் இருக்கும். பேரைத் தட்டுனா செத்தவன்னு வந்துடும். அப்புறம் மொத்த நோட்டும் டூப்புன்னு சொல்லிட்டுப் போய்டுவா."

"அவன் செத்தப்புறம் வந்த ஒன்பதையும் கிழிச்சா போன ஜூலையோட நோட்டு முடிஞ்சுது. மூட்டைய நாமளே தூக்கி அடுக்கிக் குடுக்கலாம்."

கிருஷ்ணப்பா நோட்டை மூடினார். இந்த வம்புக்கு ஒரு வகையில் அவரே காரணம். ஐந்தாறு வருடம் முன்பு, திருப்பதியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் பேப்பரில் தன் பெயர் விட்டுப்போனதற்கு, "ஊர்ல இல்லன்னா நான் செத்தா போய்ட்டேன்?" என்று ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தார். அதிலிருந்து வந்தவர், வராதவர் எல்லார் பெயரும் போட்டுவிடுவது வழக்கமானது. திருமலையின் போனில் இருபத்துநான்கு பெயர் கொண்ட ஒரே பட்டியல். நிருபர் கிரண்குமார் போட்டோ எடுத்துக்கொண்டு போனதும் அதை அப்படியே வாட்ஸப்பில் தள்ளிவிடுவார். முதலில் திருமலை, இரண்டாவது துலுக்காணம், மூன்றாவது அவர் மனைவி செல்லியம்மா.

சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் சீசனுக்குச் சீசன் கூலிவேலை பார்த்த துலுக்காணம் போன வருடம் ஜூலைக் கடைசியில் இறந்தார். ஆகஸ்ட் பதினைந்து கொடியேற்றத்துக்குத் திருமலை பழக்கதோஷத்தில் பழைய பட்டியலையே அனுப்பிவிட்டார். பேப்பரில் வந்த பிறகுதான் கவனித்தார். மன்னிப்புக் கேட்கப் பேப்பரோடு செல்லியம்மா வீட்டுக்குப் போனார். அவள் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "இன்னா பண்ணாராம்?" என்றாள். கொடி ஏத்துற விழாவுல கலந்துக்கிட்டாராம் என்றார். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். காரியம் முடிந்த வீட்டில் அந்தச் சிரிப்பை அவர் எதிர்பார்க்கவில்லை. அடுத்த முறை பட்டியலை அனுப்பும்போது அந்தப் பெயரை எடுக்க விரல் போனது, எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு செய்தி வந்த அன்றும் செல்லியம்மா மைதாவைக் கிண்டிப் பசையாக்கி ஒரு கிண்ணத்தில் எடுத்து வந்துவிடுவாள். படிக்கச் சொல்லிக் கேட்பாள், பிறகு தானே பசை தடவுவாள்.

நோட்டில் பிரிந்திருக்கும் ஓரங்களை ஒட்டிவிடலாம் என்று இன்றும் கிண்ணத்தோடுதான் வந்தாள். கிருஷ்ணப்பா சும்மா இருக்கவில்லை.

"வாம்மா. உம் புருசனாலதான் இன்னைக்கு எங்களுக்குக் கூடம் போவப்போவுது."

விஷயத்தைச் சொன்னார்கள். அவள் கிண்ணத்தை ஜன்னலில் வைத்தாள்.

"உயிரோட இருந்தப்ப ஒரு மீட்டிங்குக்கு டயத்துக்கு வந்ததில்ல அந்த ஆளு. இப்ப ஒன்பது மீட்டிங்கு விடாம வந்துக்கினு கீறாரு. இன்னா பண்ண சொல்ற?"

பதினொன்றே காலுக்கு ஸ்கூட்டியில் வந்த மேடம் சுமித்ராவுக்கு முப்பது வயதிருக்கும். கையில் ஒரு டேப்லெட். செய்தி எடுக்கக் கிரண்குமாரும் பின்னாலேயே பைக்கில் வந்து சேர்ந்தான். அவள் தெலுங்கில் ஆரம்பித்து, இவர்கள் தமக்குள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். சத்தியவேடு பக்கமாம். நாற்காலிகளை எண்ணினாள், மின்விசிறியைப் போட்டு அணைத்தாள், பிறகு நோட்டின் முன் உட்கார்ந்து கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினாள். பெயர்களை வாய்க்குள் படித்தபடி டேப்பில் தட்டிக்கொண்டே போனாள். திருமலைக்கு, நடுவழியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி டிக்கெட்டுகளை எண்ணும் நேரங்கள் நினைவுக்கு வந்தன. அப்போதெல்லாம் அவர் கையில் கணக்கு சரியாக இருந்தது.

அவள் விரல் நின்றது.

"துலுக்காணம்னு ஒருத்தர். போன ஆகஸ்ட்லயே பென்ஷன் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க. இங்க போன மாசம் யோகா பண்ணியிருக்கார்."

கிருஷ்ணப்பா மின்விசிறியைப் பார்த்தார். திருமலை வாயைத் திறப்பதற்குள் செல்லியம்மா எழுந்தாள்.

"அவரு செத்துட்டாரும்மா. நான்தான் பேரு போடச் சொன்னேன். பேப்பர்லதானே வராரு, வந்து சோறா துன்றாரு?"

அவள் ஒரு நாளும் போடச் சொன்னதில்லை.

சுமித்ரா சிரிக்கவில்லை. "இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர்?"

"செத்தவர் அவர் ஒருத்தர்தான் மேடம்," என்றார் திருமலை. "மத்தவங்கள்ல பாதிப் பேரு சென்னையில, திருப்பதியில பசங்க வீட்ல கீறாங்க. வராதவங்க பேரும் சேர்த்துதான் போடுவோம். இல்லன்னா கோச்சுக்குவாங்க."

"உயிரோட இருக்கறவங்க கோச்சுக்குவாங்க, சரி," என்றாள் அவள்.

பிறகு அவள் பேனாவைத் திருப்பிப் பிடித்து, போட்டோக்களில் தெரிந்த தலைகளை எண்ண ஆரம்பித்தாள். ஒன்பது, எட்டு, பதினொன்று. ஒன்றில் திருமலையின் தலைக்குப் பின்னால் தெரிந்தது தலையா காலண்டரா என்று கேட்டாள். காலண்டர் என்றார். ஒன்பது போட்டோவையும் எண்ணி ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டாள்.

"பேரை நான் எடுத்துக்கல. தலையைத்தான் எழுதறேன். முடிவு பண்றது சித்தூர்ல. செத்தவர் பேர் இருக்குன்னும் எழுதாம இருக்க முடியாது. இனிமே வந்தவங்க பேரை மட்டும் போடுங்க. இன்னொரு தடவை இதே மாதிரி வந்து யாராவது எடுத்துக் காட்டுனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வெளிய வாங்க, ஒரு போட்டோ எடுக்கணும்."

வாசலில் வரிசையாக நின்றார்கள். எட்டுப் பேர். கூடத்தின் பெயர்ப்பலகை மேலே தெரிய வேண்டும் என்று அவள் நாலடி பின்னுக்கு நகர்ந்தாள். அவளுடைய டேப்பில் போட்டோவுக்குக் கீழேயே இடமும் தேதியும் மணியும் தானாகப் பதிந்துவிடும்.

"நடுவுல என்ன இடம்? கிட்ட வாங்க."

எப்போதும் நிற்கும் வரிசையில்தான் நின்றிருந்தார்கள். திருமலைக்கும் செல்லியம்மாவுக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் தெரிந்தது. திருமலை அந்த இடத்தைப் பார்த்தார், நகரவில்லை. செல்லியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓரடி நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள். கிரண்குமாரும் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

ஸ்கூட்டி மெயின் ரோட்டில் திரும்பும்வரை வாசலிலேயே நின்றார்கள். கிருஷ்ணப்பா கேரம் காய்களைக் கொட்டி அடுக்க ஆரம்பித்தார். கிரண்குமார் பைக்கில் உட்கார்ந்தபடி, திருமலையைத் தெலுங்கில் பெரியப்பா என்று கூப்பிட்டுக் கேட்டான்.

"பெத்நைனா, நியூஸ் நாளைக்கே வந்துடும். லிஸ்ட் அனுப்புங்க. பழசேதானா?"

திருமலை போனை எடுத்துப் பட்டியலைத் திறந்தார். முதல் பெயர் அவருடையது. இரண்டாவது பெயரின் மேல் விரலை வைத்தபடி உள்ளே பார்த்தார். செல்லியம்மா ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். மைதாப் பசை காலையிலிருந்து திறந்தே இருந்ததில் ஆடை கட்டிவிட்டது. அவள் அதை விரலால் வழித்து எறிந்துவிட்டு, ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். நாளைப் பேப்பர் வரும்வரை காயாமல் இருக்கட்டும் என்று கிண்ணத்தின் வாயில் அதைப் போட்டு, சுற்றிலும் இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.