கஜாவின் குளிசை

இராஜகுமாரிக்கு வலது தோளில் எப்போதும் ஒரு வலி இருந்தது. வாதமும் இல்லை, சுளுக்கும் இல்லை. மகன் கஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாத்தளை திருகோணமலை வீதியில் ஒரு தடவை நடந்து பார்த்தால் அந்த வலியின் காரணம் யாருக்கும் விளங்கிவிடும். எட்டு வயதுப் பிள்ளை. மாங்காய் வண்டியைக் கண்டால் அந்தப் பக்கம் இழுப்பான், நாயைக் கண்டால் இந்தப் பக்கம் இழுப்பான், ஒன்றையும் காணாவிட்டால் சும்மா முன்னால் இழுப்பான். அவள் பிடியை விடுவதில்லை. விட்டால் அடுத்த தெருவில்தான் தேட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் ஏது? தங்கேஸ்வரி டீச்சரும் பொறுத்துத்தான் பார்த்தார்.

"உங்கட மகன் கதிரையில ஒழுங்கா இருந்ததை நான் இன்னும் காணேல்லை," என்றார் ஒரு நாள். "கெட்டிக்காரன்தான். ஆனா ஒரு வசனத்தை எழுதி முடிக்க முதல் எழும்பிப் போயிடுறான். ஒருக்கா கண்டியில பெரிய டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

கண்டியில் பார்த்த டொக்டர் சந்திரகாந்தா அவசரக்காரி இல்லை. கஜாவோடு பேசினார், கட்டைகளை அடுக்கச் சொன்னார், டீச்சர் சொல்லியனுப்பியதையெல்லாம் கேட்டறிந்தார். பிறகு சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர். மனதை ஒன்றில் நிறுத்த முடியாது, உடம்பையும் நிறுத்த முடியாது. தாய் வளர்த்த குற்றமும் இல்லை, பிள்ளையின் கெட்ட குணமும் இல்லை. காலையில் ஒரு குளிசை கொடுத்தால் மத்தியானம் வரை வேலை செய்யும். பசி கொஞ்சம் குறையலாம். ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார்.

நல்ல வார்த்தைகள்தான். ஆனால் இராஜகுமாரி வேலை பார்த்தது ஸக்கரியா முதலாளியின் மருந்துக் கடையில். நாள் முழுக்க அடுத்தவர் வாயில் போடக் குளிசை எண்ணிக் கொடுக்கிறவளுக்குக் குளிசையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நித்திரைக்கு என்று பாதிக் குளிசையில் ஆரம்பித்தவர்கள் இன்று எத்தனையில் நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவர்களுக்கும் எந்த டொக்டரோ ஒரு மாதம்தான் என்று சொல்லியிருப்பார். அது வேறு மருந்து, இது வேறு மருந்து என்று புத்தி சொல்லியது. மனம் கேட்க வேண்டுமே! டொக்டரின் அறைக்குள் ரயில் பொம்மையும் கலர்க் கட்டையும் பரப்பிவைத்துவிட்டு, பிள்ளை ஒரு இடத்தில் இருக்கவில்லை என்றால் என்ன நியாயம்? ஓடுகிற பிள்ளையெல்லாம் நோய் பிடித்த, வருத்தக்காரப் பிள்ளையா?

கணவன் லெட்சுமணனுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அவன் கலேவெலையில் ஒரு அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். போனில் கேட்டுவிட்டு, "டொக்டர் சொல்லிட்டாங்கல்ல, பேசாம குடு," என்றான்.

"சரிங்க," என்றாள். சொல்லிவிட்டுக் குளிசைப் பெட்டியைப் பருப்பு டின்னுக்குப் பின்னால் வைத்தாள். அது அங்கேயே இருந்தது. டீச்சரிடமும் மருந்து தொடங்கியாச்சு என்று சொல்லிவைத்தாள்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. இரண்டு வாரம் கழித்து டீச்சர் சிரித்த முகத்தோடு வந்தார். "மருந்து நல்லா வேலை செய்யுது. பிள்ளை எவ்வளவோ திருந்திட்டான். நான் இப்ப அவனை ஏசுறதே இல்லை, பாருங்கோ."

இராஜகுமாரி பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். டின்னுக்குப் பின்னால் இருக்கிற குளிசை டீச்சருக்கு வேலை செய்திருக்கிறது! பிள்ளை மருந்து குடிக்கிறான் என்று நினைத்ததும் அவர் அவனை உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டார். ஏச்சு நின்றதும் அவனும் கொஞ்சம் அடங்கியிருக்கலாம். படித்த டொக்டரையும் படிப்பிக்கிற டீச்சரையும் ஒரே போடாய்ப் போட்டுவிட்டோம் என்று அன்று முழுக்க அவளுக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை அடுத்த சனிக்கிழமை வரை நிலைத்தது.

சனிக்கிழமைகளில் அவளும் கஜாவும் கலேவெலைக்குப் போவார்கள். முன்பெல்லாம் லெட்சுமணன்தான் மாத்தளைக்கு வருவான். அது 2008. பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். தமிழ்ப் பெயரோடு தனியாக வருகிற ஆம்பிளையை ஒவ்வொரு இராணுவச் சோதனைத் தடையிலும் ஒதுக்கி நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். பொம்பிளை ஒருத்தி சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் அவ்வளவு கேட்பதில்லை. அதனால் அந்த நாட்களில் பல குடும்பங்களில் பிள்ளையோடுதான் பயணம். பிள்ளை இல்லாதவர்கள் அக்கா பிள்ளையையாவது கூட்டிக்கொண்டு போனார்கள். இராஜகுமாரிக்கு வாய்த்தது கஜா.

நாவுலைக்கு இந்தப் பக்கம் இருந்த தடையில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையும் பையுமாக வரிசையில் நடந்து தடையைக் கடக்க வேண்டும். வெறும் பஸ் முன்னால் போய் நிற்கும். லெட்சுமணனுக்குக் கட்டியிருந்த சோற்றுப் பையைத் தானே தூக்குவேன் என்று கஜா அடம்பிடித்து வாங்கிக்கொண்டான். இராஜகுமாரி அட்டையை எடுக்க மற்றக் கையைப் பைக்குள் விட்டாள். அந்த நேரம் பார்த்து, மரத்திலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று திறந்திருந்த கதவு வழியாகப் பஸ்ஸுக்குள் ஏறியது.

"அம்மா, குரங்கு!"

பிடி நழுவிவிட்டது. சோற்றுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கஜா தடைக்குள் புகுந்து பஸ்ஸை நோக்கி ஓடினான். ஒரு சிப்பாய் நிற்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான். கஜாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஓடும்போது அவனுக்குத் தமிழும் கேட்காது, சிங்களமும் கேட்காது. பஸ் பக்கம் பையோடு ஓடுகிற உருவத்தைத்தான் சிப்பாய் கண்டான். துவக்கைத் தூக்கிவிட்டான். வரிசையில் நின்ற சனம் அப்படியே குந்திவிட்டது.

இராஜகுமாரி குந்தவில்லை. எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. துவக்குக்கும் பிள்ளைக்கும் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தாள். "லமயாட்ட அசனீபயி, மாத்தயா!" என்று அலறினாள். "பிள்ளைக்கு வருத்தம், ஐயா! பிள்ளைக்கு வருத்தம்!"

துவக்கு இறங்கியது. சிப்பாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. இன்னொருவன் வந்து பையைத் தட்டிக் கொட்டினான். சோறும் பருப்பும் பொரித்த மீனும் தாரில் சிந்தின. "வருத்தம் என்றால் மருந்து கொடுக்க மாட்டாயா?" என்று இளையவன் அவளைப் பார்த்துக் கத்தினான். "நான் சுட்டிருப்பேன் அம்மா. உனக்கு விளங்குகிறதா? நான் சுட்டிருப்பேன்." கோபத்தில் கத்துகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பார்த்தால் அவன் கண் கலங்கியிருந்தது.

பஸ் கிளம்பி நாவுலையைத் தாண்டியது. பிறகு கஜா கேட்டான்.

"அம்மா, எனக்கு வருத்தமா?"

டொக்டரிடமும் டீச்சரிடமும் கட்டிய கணவனிடமும் ஒப்புக்கொள்ளாத ஒரு வார்த்தையை நடுரோட்டில் ஊரறியக் கத்தியவள் என்ன பதில் சொல்வாள்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கலேவெலைக்குப் போய்ச் சேர்ந்து, தடையில் நடந்ததை லெட்சுமணனிடம் சொன்னாள். "குளிசை குடுத்துமா இப்படி ஓடுறான்?" என்றான்.

"குடுக்கலங்க. ஒரு நாள்கூட குடுக்கல."

அவன் அவளை அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. கஜாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தான். கஜா அதற்குள் அவன் சட்டைப் பையிலிருந்த பேனையைக் கழற்றி முடித்திருந்தான்.

மாத்தளைக்குத் திரும்பி வந்த மறுநாள் காலை டின்னுக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்தாள். கடையில் ஆயிரம் பேருக்குச் சொல்வதையே சொன்னாள். "சாப்பிட்டுட்டுப் போடு."

கஜா குளிசையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். "வருத்தம் இல்லன்னா எதுக்கு?"

இந்தத் தடவை அவள் திரும்பிக்கொள்ளவில்லை. "வருத்தமா இல்லையான்னு எனக்குத் தெரியலப்பா. நீ ஓடுவ. ஓடுறப்போ நான் கூப்பிட்டாலும் உனக்குக் கேக்காது. அவங்க கையில துவக்கு இருக்கு. துவக்குக்கு மருந்து குடுக்க முடியாது."

அவனுக்கு அது சரியாகப் பட்டிருக்க வேண்டும். தண்ணீரை வாங்கி மடக்கென்று விழுங்கினான்.

அந்த வாரத்தில் அவள் பயந்ததும் நடந்தது, நினைக்காததும் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டில் பாதி அப்படியே திரும்பி வந்தது. முகத்தில் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. அதே பிள்ளை ஒரு மாலை தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "அம்மா, இன்னைக்கு ஸ்கூல்ல ஒரு பாடம் முழுசா வாசிச்சேன். கடைசில என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்!" என்றான். இதுவரை எந்தக் கதையின் முடிவும் அவனுக்குத் தெரியாது என்பதை அவள் யோசித்ததே இல்லை. அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, குற்றமாகவும் இருந்தது. சந்திரகாந்தா டொக்டர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது சரி என்பதற்காக அவள் கொடுக்கவில்லையே, துவக்குக்குப் பயந்தல்லவா கொடுத்தாள். அந்தக் கணக்கு அவளுக்கு எப்படியும் தீரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே தடை. சோற்றுப் பையை அவளே வைத்துக்கொண்டாள். வரிசை மெல்ல நகர்ந்தது. மரத்தில் குரங்குகள் கத்தின. கஜா நிமிர்ந்து பார்த்தான், பார்த்துவிட்டு நின்றான். அவன் கை அவள் கைக்குள் இருந்தது. இழுக்கவில்லை. அப்படி ஒரு கையை அவள் அதுவரை பிடித்ததில்லை. வேறு யாருடைய பிள்ளையையோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டது போல ஒரு தடவை குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

அதே இளைய சிப்பாய்தான் நின்றான். அவர்களை அடையாளம் கண்டுகொண்டான். அடையாள அட்டையைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, கஜாவின் தலையைத் தடவி, "ஹொந்த லமயா," என்றான். நல்ல பிள்ளை. சட்டைப் பையிலிருந்து ஒரு டொபி எடுத்துக் கொடுத்தான். அவன் மனதாரத்தான் சொன்னான். அதனால்தான் அவளுக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

தம்புள்ளையில் பஸ் மாறி, கலேவெலை ரோட்டில் போகும்போது மத்தியானம் தாண்டிவிட்டது, காலையில் போட்ட குளிசையின் வேகமும் இறங்கிவிட்டது. கஜா முதலில் டொபிக் கடதாசியை நார் நாராகக் கிழித்தான். பிறகு காலை ஆட்டினான். பிறகு முன் சீட்டை உதைக்க ஆரம்பித்தான். முன்னாலிருந்த ஆள் இரண்டு தடவை பொறுத்துவிட்டு மூன்றாம் தடவை திரும்பி முறைத்தார்.

"மன்னிச்சுக்கங்க ஐயா," என்றாள் இராஜகுமாரி. ஆனால் பிள்ளையின் காலை அவள் பிடிக்கவில்லை.