ஒன்றரைச் சாண் சீட்

கையில் எது கிடைத்தாலும் வெட்டிப் பார்க்கிற ஆளுக்குக் 'கட்டர்' என்று பட்டப்பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்? அவன் பைக் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம், வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற அவன் மனைவிக்கு மட்டும் அவன் 'என்னங்க'.

எட்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு வளைவில் கொட்டிக் கிடந்த மணலில் அவர்கள் பைக் வழுக்கியது. இருவரும் விழுந்தார்கள். அவனுக்கு முழங்கையில் கொஞ்சம் தோல் போனதோடு சரி. பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு இடது முட்டி உடைந்து, இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் முழுசாக மடங்கவில்லை. தனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதைத்தான் அவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடியவன், ஆறு மாதம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் கட்டிங் மிஷின் அலறியது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. நொறுங்கிப்போன பிளாஸ்டிக் உறைகளையெல்லாம் கழற்றிக் கடாசிவிட்டு, வண்டியை ஸ்ட்ரீட்ஃபைட்டராக மாற்றப் போகிறானாம். எலும்பு தெரிய நிற்கிற முரட்டு வண்டி. குனிந்து ஓட்டுகிற பழைய ஹேண்டில் போய், மார்பை நிமிர்த்தி ஓட்டுகிற அகல ஹேண்டில் வந்தது. முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சின்ன விளக்குகள். வீட்டு மேஜை விசிறியின் கம்பிக்கூடு ஒரு மதியம் காணாமல் போய், ரேடியேட்டருக்குக் காப்பாக முளைத்தது. அவள் திட்டவில்லை. வீட்டுக் கதவைக் கேட்டிருந்தாலும் கழற்றிக் கொடுத்திருப்பாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. அந்த வண்டியின் பழைய சீட்டுக்கு அவளே வெட்டிய அட்டை அளவு சுவரில் தொங்கியது. அதை வைத்துக் கறுப்பு ரெக்சினை வெட்டி, செங்கல் நிற நூலில் இரட்டைத் தையல் போட்டு, ஒரு கவரை ரகசியமாகத் தைத்து, தையல் மிஷினுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். சீட்டின் அடித்தட்டு கைக்கு வராமல் ரெக்சினில் கத்தரி வைக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், ஆசையில் தானே அந்தத் தப்பைச் செய்தாள்.

அடித்தட்டு வந்தது. கட்டர் அதை அவள் மேஜையில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"இதுக்கு ஒரு கவர் வேணும்."

அவள் சாண் போட்டுப் பார்த்தாள். ஒன்றரைச் சாண். ஒரே ஒரு ஆளுக்கு.

"இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பின்சட்டத்த வெட்டிட்டேன்."

"சரி" என்றாள்.

சாயங்காலம் டேங்க்கை எடுத்துப்போக பெயிண்டர் வந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, வாலையே நறுக்கிட்டீங்களே! அண்ணிய எங்க உக்கார வைப்பீங்க? டேங்க் மேலயா?"

"இது தனியா ஓட்டுற வண்டிடா" என்றது கட்டரின் குரல்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பெயிண்டர் கிளம்புகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒளித்து வைத்த கவரை உருவி எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் பட்டறைக்குள் போய், வண்டியின் மேல் போட்டாள். பாதிதான் சட்டத்தில் உட்கார்ந்தது. மீதி காற்றில் தொங்கியது.

கட்டர் அந்தத் தொங்கலையே பார்த்தான்.

"இத எப்ப தச்ச?"

"நீங்க சட்டத்த வெட்டுறதுக்கு முன்னாடி. நான் ஒரு பைத்தியக்காரி, ரெண்டு பேருக்குத் தச்சேன்."

"உன் முட்டியப் பாக்குறப்பல்லாம் எனக்கு..."

"முட்டி என்னுது. பயப்படணும்னா நான்தான் பயப்படணும். நீங்க யாரு எனக்காகப் பயந்து, என்னைக் கேக்காமலே எறக்கி விடுறதுக்கு?"

"கேட்டா நீ வர்றேன்னுதான் சொல்லுவ. எனக்காக, பல்லக் கடிச்சுக்கிட்டு வருவ. நீயாக் கேக்கட்டும்னு இருந்தேன்."

"நீங்க கேப்பீங்கன்னு நான் இருந்தேன்."

கட்டர் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் பலகையிலிருந்து பழைய போர்வையில் சுற்றிய மூட்டையை இறக்கினான். உள்ளே, வெட்டிய பின்சட்டத்துக்கு நான்கு போல்ட்டில் மாட்டிக் கழற்றுகிற ஒரு துண்டுச் சட்டம். தீட்டித் தேய்த்து, துரு பிடிக்காமல் எண்ணெய் பூசி வைத்திருந்தான். அவன் அதை மாட்டி முடித்ததும், தொங்கிக்கொண்டிருந்த கவர் அளவாகப் பொருந்தியது.

சட்டத்தில், பின்னால் உட்காருகிறவர் கால் வைக்க இரண்டு ஃபுட்ரெஸ்ட்கள். வலதுபக்கம் வழக்கமான இடத்தில். இடதுபக்கம் மட்டும் நாலு விரல் முன்னால் தள்ளி, கொஞ்சம் இறக்கி.

"என்னங்க இது, கோணையா இருக்கு?"

"ஏறிப் பாரு."

அவன் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். இடது கால் தானாகப் போய் அதன்மேல் நின்றது. முட்டி வலிக்கவில்லை.

"எப்ப அளந்தீங்க?"

"உன் தையல் மிஷின் பெடல நாலு விரல் தள்ளி, அடியில கட்டை அடிச்சது யாரு?"

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அந்தக் கட்டை அங்கே இருந்தது. யார் அடித்தது என்று அவள் கேட்டதே இல்லை, அவனும் சொன்னதில்லை. தினமும் அதில்தான் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு அழுகைதான் வந்தது, கோபம் போன இடம் தெரியவில்லை.

பெயிண்ட் காய்ந்து டேங்க் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, இருவரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அதே வளைவுக்குத்தான் போக வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். தூரத்தில் வளைவு தெரிந்ததும் அவள் அவனை இன்னும் ஒட்டி உட்கார்ந்தாள். அவன் வேகத்தைக் குறைத்தான், இன்னும் குறைத்தான். மார்க்கெட் பையைத் தொங்கவிட்ட ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு அவர்களை முந்திப் போனார்.

"என்னங்க," என்றாள் அவள், அவன் ஹெல்மெட்டோடு தன் ஹெல்மெட்டை ஒட்டி, "சைக்கிள்காரரு போயிட்டாரு. அடுத்து நடந்து வர்றவங்களுக்கும் வழி விடப் போறீங்களா?"

அவன் சிரித்துவிட்டான். அவன் வயிற்றைச் சுற்றியிருந்த அவள் கைகளில் அந்தச் சிரிப்பு குலுங்கியது. அது அடங்குவதற்குள் வளைவு பின்னால் போய்விட்டது.