வாக் கொடுக்காதே

லோர்னா நனைத்த பஞ்சை அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். தம்பி ராய்ஸின் வண்டியைக் காணோம். ஒமாஹாவிலிருந்து காலையிலேயே கிளம்பியவன். இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அப்பாவுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. சாயங்காலம் வரை தாங்காது என்று கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நர்ஸ் பெர்னிஸ் சொல்லியிருந்தாள்.

"அவனுக்கு வாக் குடுக்காத" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

அப்பா விர்ஜில், ஒரு காலத்தில் மாவு மில்லின் பேஸ்பால் அணிக்குப் பந்து வீசியவர். அடிக்க எட்டாமல் நாலு பந்து விலகிப் போனால், மட்டைக்காரன் பந்தை அடிக்காமலே முதல் 'பேஸு'க்கு நடந்து போகலாம். அதுதான் வாக். எதிரே நிற்பவன் அபாயமான ஆள் என்றால், வேண்டுமென்றே அப்படி வீசி அனுப்பிவிடுவதும் உண்டு. அப்பா அதில் கெட்டிக்காரர். வீட்டிலும் அப்படித்தான். அம்மாவின் அடக்கத்துக்கு வராத மகன் அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்து நின்றபோது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கறித் தட்டை அவன் பக்கம் நகர்த்திவிட்டு கராஜுக்குப் போய்விட்டார். அப்புறம் வருஷா வருஷம் அதேதான்.

"யாருக்குப்பா?"

"ராய்ஸுக்கு."

லோர்னா போனோடு சமையலறைக்கு ஓடினாள். இந்த முறை எடுத்தான். ஊருக்கு வெளியே பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"வந்து என்ன ஆகப்போகுது? மூஞ்சியத் திருப்பிக்குவாரு."

"இன்னைக்கு உனக்குப் பந்து போடப்போறாருடா. சீக்கிரம் வா."

அவன் கோட்டைக் கழற்றாமலே கட்டிலருகே வந்து நின்றான். அப்பா கண்ணைத் திறந்து தேடி, அவன் முகத்தில் பார்வையை நிறுத்தினார்.

"உங்கம்மாவப் புதைக்கறப்ப எங்கடா இருந்த?"

ராய்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். சர்ச் வாசல்வரை வந்ததாகச் சொன்னான். குடியை விட்டுவிட்டதாக அம்மாவிடம் சத்தியம் செய்திருந்ததை, அன்று காலையிலேயே குடித்திருந்ததை, அந்த நாற்றத்தோடு அவள் பக்கத்தில் போகக் கால் வராததை, அப்பாவின் கையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனான்.

அப்பாவின் மூச்சு நின்றது. அடுத்தது வரும் என்று லோர்னா காத்திருந்தாள். வரவில்லை.

பெர்னிஸ் எழுந்தாள். லோர்னா அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தாள்.

ராய்ஸ் இன்னும் சர்ச் வாசலில்தான் இருந்தான். மழை பிடித்துக்கொண்டதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.