இன்னும் உயிர்

கனடாவில் எதையாவது இலவசமாகக் கொடுத்தால் எங்கள் ஆட்கள் ஒருமுறை போய்ப் பார்ப்பார்கள். மத்தியானச் சாப்பாடும் உண்டு என்றால் மறுமுறையும் போவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அஸ்மியா இதைக் கண்டுகொண்டாள். டோர்செட் பார்க் அடுக்குமாடிகளில் இருக்கும் தமிழ் முதியவர்களை பஸ்ஸில் ஏற்றி, டவுண்டவுனில் உள்ள கலைக்கூடத்துக்குக் கொண்டுபோய், ஓவியங்களைத் தமிழில் விளக்கி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவது அவளுடைய வேலை. முதல் பயணத்தில் பாதி பஸ் வெறுமையாகக் கிடந்தது. புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு போகத் தொடங்கிய பிறகு இடம் போதவில்லை.

அவர்கள் அந்த இடத்தை நூதனசாலை என்றார்கள். யாழ்ப்பாணத்தில் பழம்பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கு அதுதான் பெயர். பழையதை வைக்கிற இடத்துக்கு நூதனம் என்று பெயர் வைத்தவன் பெரிய குறும்பனாக இருந்திருக்க வேண்டும் என்று அஸ்மியா ஒவ்வொரு முறையும் சொல்வாள். அவர்களும் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்கள். பிறகு அறை அறையாகக் கூட்டிப்போவாள். மறுமலர்ச்சிக் கால அறையில், மாதாவுக்கும் புனிதர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் முகம் வந்து சேர்ந்த கதையைச் சொல்வாள். இம்ப்ரெஷனிச அறையில் எல்லோரையும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, இப்போது தெரிகிற வெளிச்சத்தைத்தான் அந்த ஓவியர்கள் கீறினார்கள் என்பாள். கியூபிசத்துக்கு வந்தால், ஒரே முகத்தை முன்னாலும் பக்கத்தாலும் படம் பிடித்து ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்பாள். தடுப்பு முகாமில் அப்படிப் படம் பிடிக்கப்பட்ட குலசிங்கம் அங்கிளுக்கு அது உடனே விளங்கிவிட்டது. கடைசி அறையில், சிவப்பை மட்டும் பூசிய பெரிய சட்டத்துக்கு முன்னால், உதை என்ரை பேத்தியும் கீறுவாள் என்று ஒருவராவது சொல்லாமல் எந்தப் பயணமும் முடிந்ததில்லை.

ஓர் அறையை மட்டும் அஸ்மியா நின்று விளக்குவதில்லை. அது ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின் அறை. யாழ்ப்பாணக் கோட்டையைப் பெருப்பித்துக் கட்டிய அதே ஒல்லாந்தர், அதே காலத்தில், தங்கள் ஊரில் சாப்பாட்டு மேசைகளை வரைந்துகொண்டிருந்தார்கள். அந்த அறையின் நடுச்சுவரில் ஒரு மேசை இருந்தது. கசங்கிய வெள்ளைத்துணி, பிய்த்த பாண், பாதி தின்ற மீன், கவிழ்ந்த கண்ணாடிக் குவளை, பாதி தோலுரித்த எலுமிச்சம்பழம், அவற்றுக்குப் பின்னால் வயிறு பெருத்த ஒரு வெள்ளிக்கூசா. ஆளைக் காணவில்லை. யாரோ கூப்பிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து போன மேசை அது.

அஸ்மியாவுக்கு நாலு வயதில் ஒரு மேசை இருந்தது. யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் முஸ்லிம்கள் எல்லோரும் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று இயக்கம் அறிவித்த அன்று, சோறு பிசைந்த கையோடு இருந்த அவளை வாப்பா அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தார். கை கழுவவில்லை. காய்ந்த சோறு விரல்களில் ஒட்டிக்கொண்டு இழுத்தது மட்டும்தான் அவளுக்கு அந்த ஊரின் நினைவு. உம்மா அந்த நாளைப் பற்றி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். நகையைப் பறித்தது, வெயில், தண்ணீர் இல்லாத வழி எல்லாம் வரும். வீட்டைப் பற்றி ஒரு சொல் வராது. அந்த ஓவியத்தைக் கடக்கும்போதெல்லாம் அஸ்மியா தன்னை அறியாமல் வலக்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வாள்.

மரியம்மா அன்ரி முதல்முறை வந்தது வசந்தகாலத்தில். எழுபதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்து நாவாந்துறைக்காரி, அதிகம் பேசாதவர். மகனின் உடலை மடியில் வைத்திருக்கும் மாதாவின் படத்துக்கு முன்னால் மற்றவர்கள் கண்ணைத் துடைத்தபோது, அவர் சிலுவை போட்டுவிட்டு, "அவவுக்கு மடியிலையாவது கிடைச்சுது" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். ஒல்லாந்தரின் மேசைக்கு முன்னால் வந்ததும் கால்கள் நின்றுவிட்டன.

இது என்ன படம் என்று கேட்டார். இந்த வகைக்கு ஸ்ரில் லைஃப் என்று பெயர் என்றாள் அஸ்மியா. தமிழில் சொல்லியிருக்கலாம். ஆனால் புத்தகங்களில் இருந்த 'அசையாப் பொருள்' என்ற சொல்லைக் கேட்டால் காணி உறுதி எழுதுகிற நினைப்புத்தான் வருகிறது என்று அவள் அதை விட்டிருந்தாள். மரியம்மா படத்துக்குப் பக்கத்துப் பெயர்ப்பலகையில் இருந்த ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அகதி வழக்கில் படித்த ஆங்கிலம். ஸ்ரில் வெயிற்றிங், ஸ்ரில் பெண்டிங்.

"ஸ்ரில் எண்டால் இன்னும் எண்டுதானே பிள்ளை?"

அடுத்த அறைக்குள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்த அஸ்மியா திரும்பாமலே சொன்னாள். "ஓம் அன்ரி."

அதற்குப் பிறகு மரியம்மா பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. கென்னடி ஸ்ரேசனில் தனியாக சப்வே ஏறி, முதியோருக்கு இலவசமான நாள்களில் எல்லாம் வந்து அந்த மேசைக்கு எதிரே உள்ள வாங்கில் உட்கார்ந்தார். காவலர்களுக்கும் அவர் பழகிவிட்டார். ஒருநாள் அஸ்மியா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எலுமிச்சம்பழத்தைக் காட்டி, அந்தத் தேசிக்காயைப் பாருங்கோ, இன்னும் ஈரம் காயேல்லை என்றார் மரியம்மா. பிறகு வெள்ளிக்கூசாவைக் காட்டினார். அதன் வயிற்றில் ஒரு சன்னல் வளைந்து தெரிந்தது. சன்னலுக்குப் பக்கத்தில், அரிசி அளவில், கறுப்பாக ஒன்று.

"உதுக்குள்ளை நிக்கிறான்."

நாலு வருடமாக அந்த ஓவியத்தைக் கடந்து போகிறவள் அஸ்மியா. ஒருநாளும் அதைக் கண்டதில்லை. இப்போது கண்டாள். கதவடியில் அரைவாசி திரும்பி நிற்கிற ஓர் ஆள். கலைக்கூடத்தில் ஓவியங்களைச் சுத்தம் செய்யும் பெண்ணிடம் கேட்டாள். பளபளப்பான பாத்திரத்தில் ஓவியர் தன்னையே ஒளித்து வரைவது அந்தக் கால வழக்கம் என்றாள் அவள். ஆனால் இந்தப் படத்தில் அப்படி எதுவும் இல்லையே என்று சொல்லி, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்து நின்று பார்த்தாள். சன்னல் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அஸ்மியாவுக்கு அந்த அறைக்குள் போகவே பயமாக இருந்தது. போகாமல் இருக்கவும் முடியவில்லை. சில நேரம் அங்கே கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. உணவகம் இரண்டு மாடி கீழே, அதுவும் சூப்பும் சாண்ட்விச்சும் விற்கிற உணவகம்.

மரியம்மாவின் மகள் ஜெசிந்தா தொலைபேசியில் கூப்பிட்டது இலையுதிர்காலத்தில். நல்ல மாதிரியாகத்தான் பேசத் தொடங்கினாள். அவளுடைய தம்பி அகஸ்ரின் காணாமல் போய்ப் பதினெட்டு வருடம். நாவாந்துறை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வந்து சாப்பிடுறன், மூடி வையுங்கோ அம்மா என்று எழுந்து போனான். அம்மா மூடி வைத்தார். இன்றுவரை ஒவ்வொரு இரவும் ஒரு கோப்பையில் சோறு போட்டு இன்னொரு கோப்பையால் மூடி வைக்கிறார். விடிந்ததும் கொட்டுவார். அவனுக்கென்று ஒதுக்கிய கதிரையில் பிள்ளைகள் யாரும் உட்காருவதில்லை. கடைசியில், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, அவனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை கொடுக்க அம்மா சம்மதித்திருந்தார். பங்குச் சுவாமியிடம் நாளும் குறித்தாயிற்று. இப்போது மாட்டேன் என்கிறார்.

"நூதனசாலையிலை எழுதி வைச்சிருக்கிறாங்களாம், இன்னும் உயிர் எண்டு. நீங்களும் ஓம் எண்டு சொன்னீங்களாம்." ஜெசிந்தாவின் குரல் உடைந்தது. "அவன் எங்கடை வீட்டிலை போகவும் ஏலாமல் இருக்கவும் ஏலாமல் நிக்கிறான் அஸ்மியா. எனக்கு அவனைப் பார்த்துப் பயப்பிட்டுக் களைச்சுப்போச்சு. நீங்கள் சொன்னதை நீங்கள்தான் திருத்த வேணும்."

வாய் தவறி விழுந்த ஒரு 'ஓம்' ஒரு வீட்டையே கட்டிப்போட்டிருந்தது. உண்மையைச் சொல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு விடிவில்லை. சொன்னால் ஒரு தாயிடமிருந்து பிள்ளையை இரண்டாம் முறை கூட்டிக்கொண்டு போவது யார்? அஸ்மியா மூன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. பூசைக்கு முந்திய புதன்கிழமை, வாங்கில் மரியம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அன்ரி, நான் அண்டைக்கு யோசிக்காமல் ஓம் எண்டிட்டன். ஸ்ரில் எண்டதுக்கு இன்னொரு கருத்து இருக்கு. அசையாதது எண்டு. பாண், பழம், பாத்திரம், உப்பிடி அசையாமல் கிடக்கிறதுகளைக் கீறினால் உந்தப் பேர். இன்னும் எண்டு அர்த்தம் இல்லை."

மரியம்மா அழவில்லை. எழுந்து பலகைக்குக் கிட்டப் போனார். இந்த நாட்டில் எந்தப் பலகையிலும் ஆங்கிலத்துக்குக் கீழே பிரெஞ்சும் இருக்கும். கீழே உள்ள வரியில் விரலை வைக்காமல் வைத்துக் காட்டினார்.

"கீழை என்ன எழுதிக் கிடக்கு?"

அதை மட்டும் கேட்கமாட்டார் என்று நம்பியிருந்தாள்.

"பிரெஞ்சுக்காரர் இதை நாத்யூர் மோர்த் எண்டுதான் சொல்லுறவை அன்ரி. செத்தது எண்டு கருத்து."

அறையில் வேறு யாரும் இல்லை. எங்கோ ஒரு குழாயில் சூடு ஏறுகிற சத்தம் கேட்டது. மரியம்மா வெகுநேரம் அந்த இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேலை எழுதிக் கிடக்கிறது நான், பிள்ளை," என்றார். "கீழை எழுதிக் கிடக்கிறது அவன்."

அஸ்மியாவால் அழாமல் இருக்க முடியவில்லை. தேற்ற வேண்டியவள் அழ, தேற்றப்பட வேண்டியவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வலக்கையைத்தான். நீங்கள் ஏன் பிள்ளை இந்தப் படத்தடியில் கையைத் துடைக்கிறனீங்கள் என்று கேட்டார். அஸ்மியா சோனகத்தெரு என்றாள். அதற்குமேல் சொல்லத் தேவைப்படவில்லை. நாவாந்துறைக்கும் சோனகத்தெருவுக்கும் கூப்பிடு தூரம்.

மரியம்மாவின் பிடி இறுகியது.

"அண்டைக்கு நாங்கள் படலையைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கை இருந்தனாங்கள். ஒரு சனம் வெளியிலை வரேல்லை. பின்னேரம் நான் மதிலாலை எட்டிப் பார்த்தனான். தெருவிலை ஒரு குருவி இல்லை. ஆனால் புகை வந்துகொண்டு இருந்தது பிள்ளை. ஆக்கள் எல்லாம் போன பிறகும் வீடுகளிலை அடுப்புப் புகை. போய் நெருப்பை நூர்த்து அணைச்சுவிடுவம் எண்டு எனக்கு மனம் சொன்னது. நான் போகேல்லை."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அஸ்மியாவும் ஆறுதல் சொல்லவில்லை. இருவரும் மறுபடி வாங்கில் உட்கார்ந்தார்கள். காவலர் வந்து மூடப்போகிறோம் என்று சொன்ன பிறகு எழுந்தார்கள்.

சனிக்கிழமை ஸ்காபரோவில் பூசை நடந்தது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கடைசி வாங்கில் இருந்த அஸ்மியாவை யாரும் ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. சுவாமி அகஸ்ரினின் பெயரைச் சொன்னபோது மரியம்மா எழுந்து நின்றார். அன்றிரவு ஜெசிந்தா கூப்பிட்டுச் சொன்னாள். அம்மா வழக்கம்போல் கோப்பையில் சோறு போட்டாராம். மூடுகிற கோப்பையைக் கையில் எடுத்தாராம். பிறகு அதை அலுமாரியில் வைத்துவிட்டு, அவனுடைய கதிரையில் உட்கார்ந்து அந்தச் சோற்றைக் கடைசிப் பருக்கைவரை தானே சாப்பிட்டாராம். சொல்லும்போதே ஜெசிந்தாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த கிழமை அஸ்மியா புதிய கூட்டம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒல்லாந்தரின் அறையில் முதல்முறையாக நின்று, அந்த மேசையை விளக்கினாள். கூசாவைப் பார்த்தாள். சன்னல் இருந்தது. ஆள் இல்லை. போய்விட்டான் என்று நினைத்ததும் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்போதுதான் அந்த மணம் வந்தது. முன்னைவிடக் கிட்ட. கூசாவின் அடியில், ஆள் நின்ற இடத்துக்குக் கீழே, ஊசிமுனை அளவில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. அவள் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

வோபர்னில் உள்ள தன் வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது உம்மா மின்னடுப்புக்கு முன்னால் நின்றாள். வீட்டை விட்டு வெளியே போக வேண்டி வந்தால், உம்மா வாசலில் இருந்து நாலு தடவை திரும்பி வந்து அந்த அடுப்பின் திருகுகளைத் தடவிப் பார்ப்பாள். வயதுபோன மறதி என்று அஸ்மியாவும் அவளுடைய கணவனும் அதைப் பகிடி பண்ணுவார்கள். இத்தனை வருடமும் பகிடிதான் பண்ணினார்கள்.

அஸ்மியா காலணியைக் கழற்றாமலே கேட்டாள்.

"உம்மா, அண்டைக்கு அடுப்பை நூர்த்துப்போட்டோ வந்தனீங்கள்?"

எண்டைக்கு என்று உம்மா கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடமாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி, திருகில் வைத்த கையை எடுக்காமல் சொன்னாள்.

"இல்லை மகள். அது இன்னும் எரியுது."